எட்டு கேன் நல்ல தண்ணி

உல்லாசப் படகுத் தொழிலில் படகு ஓட்டுவது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அதைக் கழுவணும், சுரண்டணும், என்னை மாதிரி ஆளாக இருந்தால் அதற்காகப் பொய்யும் சொல்லணும். சொந்தமாக ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். புதுசாக வாங்க நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

செங்கல் போய் படகு வந்தது

பிளஸ் ஒன்னோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, எனக்குத்தான் உட்கார முடியவில்லை. அந்த வருஷம் என் தாய்மாமா சிங்கப்பூரில் வெல்டிங் வேலையை முடித்துக்கொண்டு வந்தார். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே மாடி கட்டி, கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே இருப்பது அவர் திட்டம். செங்கல்கூட இறக்கியாகிவிட்டது. நான்தான் போனில் வீடியோ வீடியோவாகக் காட்டி, எட்டுப் பேர் உட்காரும் ஃபைபர் படகு வாங்கினால் உப்பனாற்றில் ஓட்டியே மாடி என்ன, மேல்மாடியும் கட்டலாம் என்று அவர் மனசை மாற்றினேன். செங்கல்லைத் திரும்ப விற்றோம்.

புதுச்சேரி தேங்காய்த்திட்டில் சேவியர் அண்ணன் என்ற மெக்கானிக்கிடம் பழைய படகு கிடைத்தது. ஓட்டி முடித்ததும் இன்ஜினைத் தூக்கி, அதன் வால் பக்கத்தை நல்ல தண்ணி நிரப்பின டிரம்முக்குள் விட்டுப் பத்து நிமிஷம் ஓட்டணும், இல்லாவிட்டால் உள்ளே உப்பு கட்டிவிடும் என்று இரண்டு தடவை செய்து காட்டினார். நான் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன். அதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மொதல்ல இதுக்குத் தண்ணி காட்டு, அப்புறம் நீ சோறு துன்னு."

பலாப்பழ டிக்கெட்

பெட்ரோல் ஆகும் என்று தெரியும். லைஃப் ஜாக்கெட், பெயிண்ட், துறைமுகப் பேப்பர் எல்லாம் ஆகும் என்றும் தெரியும். சொந்தக்காரர்களும் ஒரு செலவு என்று தெரியாது. திருவதிகைப் பெரியம்மா வீட்டிலிருந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பலாப்பழம், ஒன்பது பேர். எட்டுப் பேர்தான் ஏறலாம் என்றால் கோபம்.

நாலாவது வாரம் பெட்ரோலுக்காவது ஏதாவது கொடுங்க என்று நேராகவே கேட்டுவிட்டேன். கூட வந்திருந்த அம்மா என் தொடையில் கிள்ளினாள். பெரியம்மா கரையில் நின்று படகை மேலும் கீழும் பார்த்தாள்: "தண்ணி மேல சும்மா மெதக்குறதுக்கு எதுக்குடா பெட்ரோலு?"

சேற்றில் போட்டோ

சிதம்பரத்திலிருந்து ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வந்தார்கள். தண்ணி எப்போது வற்றும் என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும் அல்லவா. நடு ஆற்றுத் திட்டுப் பக்கம் போனதும், கடல் ஓதத்தோடு ஆற்றுத் தண்ணியும் இறங்கி, படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது. நான் தள்ளினேன், நகரவில்லை. மாப்பிள்ளை தங்கக் கலர் ஷெர்வானியோடு இடுப்பளவு சேற்றில் இறங்கி, ஒரு செருப்பை உள்ளேயே விட்டுவிட்டுத் தள்ளினார். போட்டோகிராபர் அதையும் எடுத்தார்.

கரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வாங்கின பணத்தைத் திருப்பி நீட்டினேன். அந்தப் பொண்ணு வாங்கவில்லை: "தேவைன்னா இவரு எறங்கித் தள்ளுவாருன்னு தெரிஞ்சிடுச்சு, அதுக்கு வச்சிக்கோ தம்பி."

தண்ணி காட்டியாச்சா?

அன்றைக்குத்தான் முதல் தடவை டிரம்மில் தண்ணி ஊற்றவில்லை. ஆற்றங்கரையில் நல்ல தண்ணி கிடையாது. தெருக்குழாயில் பிடித்து, மொபெட்டில் நடைக்கு இரண்டு கேனாக நாலு நடை கொண்டுவரணும். உடம்பெல்லாம் சேறு, அலுப்பு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மாமா அப்போது சிதம்பரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். படகு சாப்பிடுகிற காசை அந்தச் சம்பளத்தில்தான் போட்டார். தினம் சாயங்காலம் போன் பண்ணி, மாட்டுக்குக் கேட்பது போல "தண்ணி காட்டியாச்சா மாப்ள?" என்பார். அன்றைக்குக் காட்டியாச்சு என்றேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் சொன்னேன். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அதுவே பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தால் தெரியக்கூடாது என்று சனிக்கிழமையே ஒரு கேன் தண்ணியை டிரம்மில் ஊற்றி வைப்பேன். வெளியிலும் கொஞ்சம் தெளிப்பேன். இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரமான டிரம்மைத் தட்டிப் பார்த்துவிட்டு மாமா அம்மாவிடம் சொன்னார்: "படிப்பு வரலன்னா என்னாக்கா, உன் புள்ளைக்குப் பொறுப்பு ஜாஸ்தி."

சின்னப் பொண்ணு பார்த்தது

இரண்டாவது தடவையாக வந்த ஒரு குடும்பம். அவர்களோடு ஏழு வயசுப் பொண்ணு, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். இன்ஜின் ஆற்றுத் தண்ணியை உறிஞ்சித் தன்னைக் குளிரவைத்துக்கொண்டு, பின்பக்கம் சன்னமாகப் பீச்சும். அந்தப் பீச்சல் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். அன்றைக்கு வரவில்லை. நான் பார்த்தேன். உள்ளே உப்பு அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. திரும்பினால் வாடகை போய்விடும் என்று மேலே ஓட்டினேன். அவள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்: "அண்ணா, போன தடவ இந்த போட்டு பின்னாடி ஒன்னுக்குப் போச்சே, இன்னிக்கு ஏன் போகல?"

கயிறு

கொஞ்ச தூரத்தில் இன்ஜினே பதில் சொல்லிவிட்டது. கருகின வாடை, ஒரு கறகற சத்தம், அவ்வளவுதான். வலை போட்டுவிட்டுத் திரும்பிய ஒரு மீனவர் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். அந்தப் பொண்ணு என் பக்கம் திரும்பவே இல்லை. மீனவரிடம் டீசலுக்குக் காசு நீட்டினேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கையை ஆட்டினார்: "வேணாம்டா. போட்டு வாடகைக்கு உடுறவங்கிட்ட வாங்குனா காசு கையில ஒட்டாது."

ஒரு சிட்டிகை

பழைய குப்பையைத் தலையில் கட்டிவிட்டான் என்று மாமா கொதித்தார். மினி லாரியில் இன்ஜினை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் தேங்காய்த்திட்டு போனோம். பட்டறை வாசலில் நாலு பேர் முன்னால் மாமா சேவியர் அண்ணனைத் திருடன் என்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

சேவியர் அண்ணன் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். மாமாவிடம் மட்டும் பழைய மெஷின்தான் சார், ரிப்பேர்ல பாதிச் செலவு என்னுது என்று சொல்லி, அவர் கையில் கொஞ்சம் நோட்டைத் திணித்தார். மாமா அந்தப் பக்கம் போனதும் உள்ளேயிருந்து ஒரு சிட்டிகை சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்: "நக்கிப் பாரு தம்பி. இது நான் வித்த உப்பு இல்ல."

ரெட்டிச்சாவடி

இன்ஜினை ரிப்பேருக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த ஆளை ஒரு பிடி பிடித்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கிருமாம்பாக்கம் வரைக்கும் தாங்கினேன். அப்புறம் முடியவில்லை. தண்ணி காட்டவே இல்லை மாமா, ரெண்டு மாசமா டிரம்மைத்தான் நனைச்சேன் என்று சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ரெட்டிச்சாவடியில் இறங்கினார், நானும் இறங்கினேன். ரோட்டைக் கடந்து புதுச்சேரி பஸ் ஏறினோம்.

காலையில் திருடன் என்று கத்திய அதே வாசலில் மாமா நோட்டைத் திருப்பிக் கொடுத்து, சேவியர் அண்ணனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். சேவியர் அண்ணன் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். இறங்கினதும் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இனிமே தண்ணி காட்டியாச்சான்னு கேக்க மாட்டேன் மாப்ள. நீ காட்டியாச்சுன்னு சொன்னாலும் எனக்கென்ன தெரியப்போவுது?"

இன்ஜின் மறுபடி ஓடுகிறது. மாமா இன்னும் சிதம்பரத்தில்தான் வேலை பார்க்கிறார், மாடி இன்னும் ஆகாயத்தில்தான் இருக்கிறது. சாயங்காலம் போன் வரும். சாப்பிட்டியா, அக்கா எப்படியிருக்கு என்பார், வைத்துவிடுவார்.

சொந்தப் படகு வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களுக்கு பெட்ரோலும் பெயிண்டும் இன்னின்ன என்று சொல்லிவிடுவேன், ஆனால் யாரும் கேட்காமலேயே தினம் நாலு நடை கொண்டுவருகிற அந்த எட்டு கேன் தண்ணி எந்தக் கடனை எப்போது அடைக்கும் என்று மட்டும் எனக்கே தெரியவில்லை.