நேற்றும் கல், நாளையும் கல்

இன்று காலை திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை. கட்டட வேலைக்கு வந்த பீகார்க்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "கல், கல்" என்று முனகினார்.

"கிட்னியில கல்லுன்றாரு. வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கச் சொல்லுங்க சார்," என்றார் கடைக்கார அக்கா.

பூனாவில் கற்ற அரைகுறை இந்தியில் விசாரித்தேன். கல் என்றால் நேற்று. நேற்றிலிருந்து அடிவயிற்றில், வலது பக்கம் வலியாம். வாந்தியாம்.

அக்கா பதறிவிட்டார். "ஐயோ, ஜல்தி ஆஸ்பத்திரிக்குக் கூப்டுக்கினு போலாம், வாங்க!" கடையைச் சாத்திவிட்டு அவரும் ஆட்டோவில் ஏறினார்.

குடல்வால் வீக்கம். மதியமே ஆபரேஷன் முடிந்தது. கண் விழித்தவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நாளைக்கும் இந்தியில் கல்தானாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், லீவு லெட்டர் எப்படித்தான் எழுதுகிறீர்கள்?