சந்தனம் அடைத்த அலாரம்

குளோரின் அறையில் அந்த அலாரத்தை மாட்டிய நாளிலிருந்து எனக்கும் மற்றவர்களுக்கும் சண்டைதான். டெல்லியில் குடிதண்ணீருக்குக் குளோரின் கலப்பது எங்கள் வேலை. கசிந்தால் அந்த வாயு தரையோடு படரும் என்பதால் அலாரத்தை முழங்கால் உயரத்தில் வைத்திருந்தார்கள். விட்டு விட்டு அடித்தால் லேசான கசிவு. முகமூடி மாட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். விடாமல் அடித்தால் எதையும் பார்க்காதே, வெளியே வந்து எதிர்க்காற்றில் ஓடு. இவ்வளவுதான் பாடம். ஆனால் லேசாக அடித்தாலே போதும், "அரே பையா, இஸ்கோ பந்த் கரோ" என்று அதை அணைக்கச் சொல்லி யாராவது சுவிட்சைத் தேடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ஷிப்டில் இருந்தவன் திருநெல்வேலிக்காரன். தங்கமான பிள்ளை, பக்திதான் கொஞ்சம் அதிகம். ஊரில் பிறந்த தன் குழந்தையை அவன் இன்னும் பார்க்கவில்லை. மனைவியும் குழந்தையும் அந்த வாரம் மதராஸ் ரயிலில் வருவதாக இருந்தது. கரோல் பாக் கடைத்தெருவில் தொட்டில்கூட வாங்கிவிட்டான். அந்தச் சந்தோஷத்தில் ஆயுத பூஜையை அமர்க்களப்படுத்தினான். ஸ்பானர், தராசு, முகமூடிப் பெட்டி, ஒன்று பாக்கியில்லாமல் சந்தனம், குங்குமம்.

மறுநாள் சிலிண்டர் மாற்ற உள்ளே போனான். முகமூடி கழுத்தில் தொங்கியது. வாசலில் நின்ற எனக்குக் கண் எரிந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி.

"டேய், வெளிய வாடா! லீக் ஆகுது!"

"எனக்கு வாடை ஒண்ணும் தெரியலியே அண்ணாச்சி. சளில மூக்கு அடைச்சிருக்கு, கண்ணும் அதான் கரிக்கு. லீக்குன்னா மணி அடிக்கும்லா?"

அடிக்கவில்லைதான். வாசலோரம் மாட்டியிருந்த அலாரத்தைக் குனிந்து பார்த்தேன். காற்று நுழைகிற சல்லடைமேல் சந்தனம் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். அடப்பாவி! அதன் வாயை அடைத்துவிட்டு அதையே சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

முகமூடியை மாட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினேன். எடுத்த எடுப்பிலேயே விடாமல் அலறியது. அவன் ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தான், இரண்டடி வைத்து மண்டியிட்டு விழுந்தான். அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்து வந்தேன். தள்ளாடி எழுந்து, பழக்கத்தில் கேட் பக்கம் ஓடப் பார்த்தான். காற்றின் திசை தெரியக் கம்பத்தில் கட்டியிருந்த துணியும் அந்தப் பக்கம்தான் பறந்துகொண்டிருந்தது, காற்று அங்கேதான் வாயுவைக் கொண்டுபோகும்.

"அங்க இல்லடா, இந்தப் பக்கம்!" சட்டையைப் பிடித்துத் திருப்பினேன்.

மற்றவர்கள் முகமூடியோடு போய் வால்வை மூடினார்கள். புல்லில் கிடந்து விடாமல் இருமியவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, அவன் கண்ணைத் திறந்த பிறகுதான் திட்டவே வாய் வந்தது.

"சாமி கும்பிடு, யாரு வேணாம்னா? அது மூச்சு விடுற எடத்துலயாடா பூசுவ?"

"புத்தி வந்துட்டு அண்ணாச்சி."

அதற்கப்புறம் எங்கள் ஷிப்டில் ஒருவரும் சுவிட்சைத் தேடவில்லை. லேசாக அடித்தாலும் முகமூடியைத்தான் முதலில் தேடினார்கள்.

ரயில் வந்த அன்று அவன் பிடிவாதமாக ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். துணைக்கு நானும் போனேன். அவன் மனைவி இறங்கியதும் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் குரலைக் கேட்டதும், "என்ன, தொண்டை இப்படிக் கட்டிட்டு?" என்றாள். சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, பிள்ளையை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தான். எனக்குத் தாங்கவில்லை, பெட்டியை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவன் இல்லாமல் நான் மட்டும் அந்தப் பெண்ணுக்கு எதிரே போய் நின்றிருக்க வேண்டிய பிளாட்பாரம் அது.