ஒற்றை டிக்

அண்ணியின் பழைய போனை நேற்று வாங்கியபோது கண்ணாடியில் விரிந்திருந்த கீறல் விரலில் நெருடியது. அதிலிருப்பதையெல்லாம் புதுப் போனுக்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தார். போட்டோக்களைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலையில்லை. “அந்த மெசேஜ் வந்துடும்ல தம்பி?” என்று மட்டும் கேட்டார். எந்த மெசேஜ் என்று எனக்குத் தெரியும்.

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அண்ணி கத்தரியும் வெண்டையும் வளர்க்கிறார். அதற்காக மாடித்தோட்ட வாட்ஸப் குழு ஒன்றில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் குழுவுக்குப் போக வேண்டிய வசனம் கைதவறித் தோட்டக் குழுவுக்குப் போய்விட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் தனியாக எழுதினார்: “கத்தரிக்காய்க்கு நடுவுல கர்த்தர் எதுக்கும்மா?” எனக்குச் சுருக்கென்றது. அண்ணிக்கோ சிரிப்பு வந்துவிட்டது. “தப்பா வந்துடுச்சு சார், மன்னிச்சிடுங்க. குழுவுல போட்டிருந்தீங்களே, உங்க செடியில மாவுப்பூச்சி போயிடுச்சா?” என்று பதில் போட்டார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மனிதர் விடாக்கண்டர். கடவுள் நல்லவரென்றால் குழந்தைகளுக்கு ஏன் நோய், உங்கள் ஆட்கள் ஏன் அடுத்தவர் சாமியைப் பழிக்கிறார்கள் என்று தினம் காலையில் ஒரு கேள்வி வரும். நானாக இருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். அண்ணி எழுதி எழுதி அழிப்பார். கடைசியில், “அது எனக்கும் தெரியல சார். பழிக்கிறது தப்புதான். நான் நம்புறதை மட்டும் சொல்றேன்” என்று போகும். அண்ணி ஜெயித்த மாதிரி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஆனால் ஸ்ரீரங்கத்துக்காரர் எழுதுவதை நிறுத்தவும் இல்லை.

ஒரு நாள் கேள்விக்குப் பதிலாக வேறொன்று வந்தது: “வீட்ல அவங்க ஐசியூல இருக்காங்க. உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

அண்ணி அழுதுவிட்டார். எங்கள் சர்ச்சில், யாருக்காவது ஜெபிக்கச் சொன்னால் பெயரோடு போன் நம்பரையும் ஜெபக் குழுவில் போடுவது வழக்கம். நாலு பேர் கூப்பிட்டு ஆறுதல் சொல்வார்கள். அண்ணி யோசிக்காமல் போட்டுவிட்டார். எங்கள் ஆட்களும் கூப்பிட்டார்கள். விசுவாசித்தால் எழுந்து நடப்பார் என்றார் ஒருவர். வீட்டிலிருக்கும் சாமி படங்களை எடுத்துவிடுங்கள் என்றார் இன்னொருவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த மனிதரிடம்.

மறுநாள் அவர் எழுதியது ஒரே வரி: “உங்களை நம்பித்தானேம்மா சொன்னேன்.”

“நான் செஞ்சது தப்பு சார், மன்னிச்சிடுங்க. அவங்க எப்படி இருக்காங்க?” அண்ணி உடனே அனுப்பிய இது ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. அவர் அண்ணியை பிளாக் செய்திருந்தார். தோட்டக் குழுவிலிருந்தும் விலகியிருந்தார். என் போனிலிருந்து பேசட்டுமா என்று கேட்டேன். “வேணாம் தம்பி. நம்ம பக்கத்துலேர்ந்து இனி யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது.”

ஆனாலும் தற்செயலாக எதிரே வரமாட்டாரா என்று ஒருமுறை இருவரும் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். முகம் தெரியாது. அவர் போனில் வைத்திருந்த படம் ராஜகோபுரம். அந்த ஊரில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருப்பார்கள். கோபுரத்துக்கு எதிரே காபி குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்த அம்மா பிழைத்தாரா என்று இன்றுவரை தெரியாது. வீட்டு ஜெபத்தில் அவருக்காக வேண்டும் இடம் வரும்போது அண்ணி தடுமாறிவிடுவார். “இருக்காங்களா இல்லையான்னே தெரியாம என்னன்னு ஜெபிக்கிறது தம்பி?” என்பார்.

புதுப் போனில் எல்லாம் வந்து சேர்ந்ததும் அவரிடம் கொடுத்தேன். வேறெதையும் பார்க்காமல் அதைத் தேடித் திறந்தார். மன்னிப்பும் கேள்வியும் அப்படியே வந்திருந்தன. பக்கத்தில் அதே ஒற்றை டிக். கீறலே இல்லாத கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.