மங்காத சிவப்பு

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த மழையில் யாருக்கும் சளி, காய்ச்சல் இல்லையே? நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது. வேப்பம்பட்டில் எங்கள் மாடியில் தனியாகக் குடியிருக்கிற மோனிகாவுக்கு, பட்டப்பகலில்.

திருவள்ளூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஜன்னல் இல்லாத இருட்டறை. மைக்ரோஸ்கோப்பும் அவளும்தான். செல்லுக்கு ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்ப்பாள். பெண்ணின் செல்லில் இரண்டு பச்சைப் புள்ளி தெரியும். ஆணின் செல்லில் ஒரு பச்சை, ஒரு சிவப்பு.

திருப்பாச்சூர் அருணாவுக்கு ரத்தப் புற்றுநோய். அண்ணன் தேசப்பன் எலும்பு மஜ்ஜை கொடுத்துக் காப்பாற்றினான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அதன்பிறகு அவள் ரத்தத்தில் ஓடுவதெல்லாம் அண்ணனுடைய செல். சிவப்பு இருக்கும்வரை பிழைத்தாள். இரட்டைப் பச்சை தலைகாட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

ரிப்போர்ட் வாங்க இருவரும் சேர்ந்துதான் வருவார்கள்.

"இன்னா டாக்டரம்மா, நான் உள்ள கீறனா?" என்பான் தேசப்பன். மோனிகாவை அப்படிக் கூப்பிடுவது அவன் ஒருத்தன்தான்.

"இவன் ரத்தம் ஏறினதுலேர்ந்து எனக்கும் மூக்கு மேல கோவம் வருதுக்கா," என்பாள் அருணா.

அன்று காலை பதினொன்றே கால். முந்தின நாள் எடுத்த அருணாவின் ரத்தம். மோனிகா கதவைத் தாழிட்டு எண்ண ஆரம்பித்தாள். எங்கும் சிவப்பு. அப்பாடா என்றிருந்தது.

திடீரென்று ஒரு சிவப்பு அணைந்தது. பக்கத்தில் இன்னொன்று... வெளிச்சம் பட்டால் சாயம் மங்கும்தான். ஆனால் பச்சையெல்லாம் பளிச்சென்று அப்படியே இருந்தது. மங்கினது திரும்ப ஒளிராது.

கடைசிச் சிவப்பும் போயிற்று.

"போயிடாதப்பா... அவளுக்கு வேற யாரு கீறாங்க?" தன்னையறியாமல் சொல்லிவிட்டாள்.

ஏ.சி. சத்தம் நின்றது.

பழுக்கக் காய்ச்சிய இரும்பு வாசனை...

ஒவ்வொன்றாகச் சிவப்பு மறுபடி எரிந்தது.

காதோரம் சூடாக மூச்சு.

"கீறேன், டாக்டரம்மா."

திரும்பினாள். யாருமில்லை. போட்ட தாழ் போட்டபடி.

மறுநாள் அருணா மட்டும் வந்தாள்.

"அண்ணன் எங்க?"

"போன மாசம்க்கா. கும்மிடிப்பூண்டில... இரும்பு ஆலை உலையில. காரியம்கூட முடிஞ்சிபோச்சி." கண்ணைத் துடைத்தாள். "உள்ளயாவது கீறானாக்கா?"

"கீறாரு," என்றாள் மோனிகா.

இரண்டு வருடம் ஆகிறது. அருணா நன்றாக இருக்கிறாள். ரத்தம் தடவிச் சாயம் ஏற்றிய கண்ணாடி ஸ்லைடு சில வாரத்தில் மங்கிவிடுமாம். போன வாரம் மோனிகா அன்றைய ஸ்லைடை எடுத்துப் பார்த்திருக்கிறாள். பச்சை ஒன்றுகூட இல்லை.

சிவப்பு மட்டும்... எரிந்துகொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் போனவர்கள் யாராவது இப்படி இருந்து காட்டியதுண்டா? எழுதுங்கள். மோனிகாவுக்கும் படித்துக் காட்டுகிறேன். மாடியில் தனியாக இருக்கிற பெண்.