கழுவிய கை

அந்தத் தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவதி அவளுடைய நாத்தனார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். வயதானவர்கள் வேறு யாரிடமும் கையை நீட்டமாட்டார்கள். "அந்தப் பொண்ணு வரட்டும், நாங்க உக்காந்திருக்கோம்" என்று பிடிவாதமாகக் காத்திருப்பார்கள். வெளியில் இத்தனை பேர் நம்பிய அந்தக் கையை, வீட்டில் இருபது மாதக் குழந்தை ஒன்று மட்டும் நம்பவில்லை. அவள் ஒரு வாய் உணவை எடுத்து நீட்டினால் குட்டி உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடும்.

கணவர் மிட்டாய் ஆலையில் பாகு காய்ச்சுகிறவர். இரவு வேலை. எல்லோருக்கும் அவர் பாகுக்காரர். ஒரே வீட்டில் ஒருத்தர் சர்க்கரையைக் காய்ச்சுகிறார், இன்னொருத்தி அதை ஊரார் ரத்தத்தில் அளக்கிறாள், நல்ல ஜோடிதான் என்று கல்யாணப் பந்தியில் யாரோ கேலி செய்தார்கள். அன்றைக்கு அவளும் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அவளுக்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள், அடுத்த வருடம் பாதத்தை, அதற்கடுத்து முழங்காலுக்குக் கீழே மொத்தத்தையும். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண், விடிந்ததும் அந்தக் காலுக்குக் கட்டு மாற்றிவிட்டுத்தான் தலை வாரிக்கொள்வாள். அந்த நாற்றம் எத்தனை சோப்பு போட்டாலும் மத்தியானம்வரை மூக்கில் நிற்கும். அதனால் குட்டி பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டாள். இரண்டு வயதுவரை சர்க்கரை என்ற ருசியே அதன் நாக்குக்குத் தெரியக்கூடாது. இதை அவள் வேண்டுதல் மாதிரி காப்பாற்றினாள்.

காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். ஓட்ஸை மாவாகத் திரித்து வைத்திருப்பாள், கட்டி விழாமல் பாலில் துழாவிக் காய்ச்சுவாள். இனிப்புக்கு அரை வாழைப்பழம்தான், முழுப் பழம் கிடையாது. ஆப்பிளைத் தோல் சீவி ஆவியில் வேகவைத்து மசிப்பாள். துருவின கேரட்டை முட்டையில் அடித்துச் சின்னச் சின்ன வில்லையாகச் சுடுவாள். சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் குழந்தை பிடிக்கிற அளவுக்கு விரல் நீளத்தில் நறுக்கி வாட்டி, சாயங்காலத் தீனிக்கென்று நாலு அறை டப்பாவில் அடுக்குவாள். கடைக்குப் போனால் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்காமல் எதையும் எடுக்கமாட்டாள். முன்பக்கத்தில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று பெரிதாகப் போட்டவன் பின்பக்கத்தில் என்னென்ன பெயரில் அதைச் சேர்த்திருக்கிறான் என்று அவளுக்கு அத்துப்படி. கடைக்காரர், "படிச்சு முடிச்சிட்டு பரீட்சையும் எழுதிட்டுப் போங்கம்மா" என்பார்.

இவ்வளவும் செய்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் குட்டி துப்பும். முதல் வாயைத் துப்பும், இரண்டாவது வாய்க்கு அழும், மூன்றாவது வாய்க்குக் கிண்ணத்தையே தட்டிவிடும். தரையைத் துடைத்து முடிக்கவும் ஏழு மணிக்குப் பாகுக்காரர் வரவும் சரியாக இருக்கும். குட்டி ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்ளும். அவர் குழாயடியில் கையைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்வார். அதே கிண்ணம், ஆறிப்போன அதே ஓட்ஸ். விரலில் எடுத்து நீட்டுவார், குட்டி வாயை ஆவென்று திறக்கும், விரலோடு சேர்த்துச் சப்பித் தின்னும். பத்தே நிமிடத்தில் கிண்ணம் காலியாகும்.

"பாத்தியா? சமைச்சா மட்டும் போதாதுடி. கைமணம்னு ஒண்ணு இருக்கு" என்பார்.

முதல் நாள் இது விளையாட்டு. நூறாவது நாள் இது விளையாட்டு இல்லை. ஆனால் அவர் அதே சிரிப்போடுதான் சொன்னார். விருந்தாளி வந்தால் வேண்டுமென்றே அவளை முதலில் ஊட்டச் சொல்லுவார். குட்டி துப்பும். பிறகு கிண்ணத்தை வாங்கித் தான் ஊட்டிக் காட்டுவார். வந்தவர்கள் ஆகா ஓகோ என்பார்கள். அவள் கந்தல் துணியை எடுத்துத் தரையைத் துடைப்பாள்.

நாத்தனார் ஒரு வீடு தள்ளி இருந்தாள். பகலில் ஊசிக்காரி வேலைக்குப் போகும் நேரத்தில் குட்டியைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். அந்த உரிமையில் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "குழந்தைக்குத் தெரியாதா அண்ணி, எது குத்தற கை, எது குடுக்கற கைன்னு?"

அன்றைக்கு வேலையிடத்தில் அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாசனை அடித்தது. அதுதான் காரணம் என்று நினைத்தாள், பாவம். எலுமிச்சைத் தோலால் நகக்கண்வரை தேய்த்தாள். கிண்ணத்தை மாற்றினாள், கரண்டியால் ஊட்டினாள், கரண்டியை விட்டு விரலால் ஊட்டினாள், பாட்டுப் பாடினாள். குட்டி துப்பியது.

அப்புறம் பல் விஷயம் வந்தது. முன்பற்கள் இரண்டிலும் ஈறோரமாகப் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. பல் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டில்ல சர்க்கரைத் தண்ணி குடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். இனிப்பே குடுக்கறதில்ல."

"எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுச் சீட்டெழுதினார்.

பக்கத்தில் நின்ற பாகுக்காரர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை அவளுக்காகச் சொல்லியிருக்கலாம். வீட்டில் சர்க்கரை டப்பாவையே பரண்மேல் ஏற்றிவிட்டாள் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. வெளியே வந்ததும், "பாக்கெட்டுக்குப் பின்னாடி படிச்ச நேரத்துல குழந்தையோட பல்லப் பாத்திருக்கலாம்" என்றார்.

நாத்தனார் அதற்கு ஒரு படி மேலே போனாள். அண்ணி குழந்தையைத் தன் பக்கம் இழுக்கத் திருட்டுத்தனமாகச் சர்க்கரை போட்டு ஊட்டுகிறாள், அப்படியும் அது அவளிடம் சாப்பிடவில்லை என்று நாலு வீட்டில் சொல்லிவைத்தாள். மாமனார் அதை நம்பினார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து பேசி முடிப்பதாகச் சொல்லியனுப்பினார். பேச என்ன இருக்கிறது? குட்டி இனிமேல் இரவும் பகலும் நாத்தனார் வீட்டில் வளரும், பாகுக்காரர் வேலை முடிந்து நேராக அங்கே போய் ஊட்டுவார், பெற்றவள் லீவு நாளில் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஏற்பாடு முடிந்துபோயிருந்தது. அவளிடம் சொல்வதுதான் பாக்கி. 

ஞாயிறு காலை ஏழுக்கெல்லாம் மாமனாரும் நாத்தனாரும் வந்துவிட்டார்கள். மாமனாருக்கும் சர்க்கரை உண்டு. வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் மருமகள்தான் விரலைக் குத்திச் சின்ன மெஷினில் அளந்து சொல்வாள். மருமகளைப் பிடிக்காது, ஆனால் குத்தினால் வலிக்காமல் குத்துவாள் என்பதால் விரலை மட்டும் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். நூற்று நாற்பத்தெட்டு.

அப்போதுதான் பாகுக்காரர் வேலையிலிருந்து வந்தார். வழக்கம்போலக் குழாயடிக்குப் போய்க் கையை நனைத்தார். வந்து உட்கார்ந்தார். என்ன குஷியோ, "எனக்கும் பாரேன். உன் குத்தற கை எப்படின்னு நானும் பாக்கறேன்" என்று சுட்டுவிரலை நீட்டினார். நாத்தனார் சிரித்தாள்.

அவள் குத்தினாள். ஒரு சொட்டு ரத்தம். மெஷின் எண்ணைக் காட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு.

"வெறும் வயித்துலயா?" என்று மாமனார் கேட்டார். நூறுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய எண் அது என்று அவருக்குத் தெரியும். பாகுக்காரரின் முகம் வெளுத்தது. கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டுக் குறுகிக்கொண்டே போன அவளுடைய அப்பாவின் காலை அவரும் பார்த்தவர்தான். தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அவளுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. பதினோரு வருடத்தில் எத்தனை பேர் பழத்தை உரித்த விரலோடு வந்து இப்படி எண்ணைக் கண்டு அழுதிருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை இல்லை இது, விரல்மேல் இருப்பது. ஆனால் அவர் கையைக் கழுவினாரே? அவள் நினைத்துப் பார்த்தாள். கழுவினார், கழுவின கையை வேலைச் சட்டையில் துடைத்தார். ஆலையில் அப்படித்தான். துண்டு கிடையாது. பாகுக் கட்டி ஒட்டாமலிருக்கப் பொடிச் சர்க்கரையைக் கையில் பூசி உருட்டுவார்கள், குழாயில் நனைப்பார்கள், சட்டையில் துடைப்பார்கள். ராத்திரி முழுக்கத் துடைத்த சட்டையில் தினமும் வீட்டிலும் துடைத்துவிட்டு, அந்த விரலால் குட்டிக்கு ஊட்டியிருக்கிறார். ஊட்டி முடித்து அதே சட்டையோடு சாய்ந்து, குட்டியை மார்பில் போட்டுத் தூங்கவைத்திருக்கிறார். எட்டு மாதமாக. பல்லில் விழுந்த பழுப்பும் அவளுக்குக் கிடைத்த பேச்சும் எங்கிருந்து வந்தன என்று அந்த ஒரு எண் சொல்லிவிட்டது.

அவள் உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பயந்துபோய் உட்கார்ந்திருப்பதை நன்றாகப் பார்த்தாள். பார்க்க அவளுக்கு இனித்தது. நாத்தனார் மூக்கை உறிஞ்சி, "அண்ணா" என்று அழத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சட்டையக் கழட்டுங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டுப் போனார். வந்ததும் சுத்தமான துண்டை அவளே நீட்டினாள். வேறு விரலில் குத்தினாள். தொண்ணூற்றாறு.

"ஒண்ணுமில்ல. கையில ஒட்டியிருந்த சர்க்கரை" என்றாள்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் செத்தே போயிட்டேன்" என்றாள். பாகுக்காரரும் சிரித்தார். போன உயிர் வந்தவர் சிரிக்கிற சிரிப்பு. அவள் உள்ளே போய் ஓட்ஸ் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப ஊட்டுங்க."

குட்டி ஓடிவந்து அவர் மடியில் ஏறியது. வாயைத் திறந்தது. அவர் விரலில் எடுத்து ஊட்டினார். குட்டி மென்றது, நிறுத்தியது, நாக்கால் வெளியே தள்ளியது.

"சூடா இருக்கோ?" என்று அவர் ஊதி இன்னொரு வாய் கொடுத்தார். குட்டி முகத்தைத் திருப்பியது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் அவளுக்குத் தெரிந்தது, அவருக்கு இது தெரியாது. ஏமாற்றியவர் இல்லை அவர். அத்தனை கேலியும் நிஜமான பெருமையில் பேசியது. உலகத்தில் தன்னைப் பார்த்து வாயைத் திறக்க ஒரு ஜீவன் இருக்கிறது என்று நம்பித்தான் அந்த மனிதர் ராத்திரி முழுக்கக் கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்திருக்கிறார். அவளுக்கு இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை அவள் உள்ளே விடவில்லை.

"இன்னொரு வாய் குடுத்துப் பாருங்க. கைமணம் எங்க போயிடும்" என்றாள்.

நாத்தனார் தரையைப் பார்த்தாள். மாமனார் மெதுவாக, "போதும் விடும்மா" என்றார். குட்டியை எடுத்துப்போவதைப் பற்றி அதன்பின் அவர் வாயே திறக்கவில்லை. அன்றும் இல்லை, என்றும் இல்லை.

பாகுக்காரர் மூன்றாவது வாய் கொடுக்கவில்லை. கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. சுட்டுவிரலை வாயில் வைத்துப் பார்த்து எடுத்தது. நடுவிரலை வைத்துப் பார்த்தது. கட்டைவிரல்வரை ஐந்தையும் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டது. மடியிலிருந்து வழுக்கி இறங்கி, தத்தித் தத்தி நாற்காலிக்குப் போய், அங்கே தொங்கிய சட்டையை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டது. அதன் முனையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே, "ப்பா" என்று கூப்பிட்டது.

குட்டி எப்போது கூப்பிட்டாலும் "என்னம்மா" என்று உருகுகிறவர் அன்று பதில் சொல்லவில்லை. அது அவரைப் பார்த்துக் கூப்பிடவும் இல்லை.