துலுக்காத கெடா

பருவத்துக்கு வந்த வெள்ளாட்டுக் கெடாவின் வீச்சத்தை முகர்ந்து பார்க்காதவர்களுக்கு அதை எழுதி விளக்க முடியாது. ஒருமுறை மூக்கில் ஏறிக்கொண்டால் தின்கிற சோற்றிலும் அடிக்கும், பள்ளிக்கூடப் பையைத் திறந்தாலும் அடிக்கும். தொண்ணூறுகளில் பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் சின்னத் தோட்டம் ஒன்றில் நான் செல்லமாக வளர்த்த கெடாவுக்கு இந்த விஷயத்தில் கஞ்சத்தனமே கிடையாது. "ஒண்ணு இந்தக் கெடா ஊட்டுப் பக்கம் இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டதால், தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதை மோட்டார்த் தொட்டிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டத் தொடங்கினேன்.

ஆட்டுக்குத் தண்ணீர் என்றால் ஆகவே ஆகாது. எங்கள் கெடாவும் முதல் வாரம் முழுக்க என்னைத்தான் தொட்டிக்குள் தள்ளிக் குளிப்பாட்டியது. பிறகு என்ன நினைத்ததோ, கண்ணை மூடி அசைபோட்டபடி குழாய்க்கு அடியில் நிற்கப் பழகிவிட்டது. நான் வர நேரமானால் கத்தி ஊரைக் கூட்டியது. "மாப்பிள்ளைக்குத் தண்ணி வாத்தாச்சா அம்மணி?" என்று அம்மா கேலி பேசிப் பேசி, மாப்பிள்ளை என்பதே அதன் பெயராகிவிட்டது.

ஆனால் மாப்பிள்ளை எங்களுக்குச் சொந்தமில்லை, கருப்பராயனுக்குச் சொந்தம். தோட்டத்தில் தண்ணீருக்காகப் போர் போட்டபோது குழியிலிருந்து வெறும் கல்மாவாகப் புகைந்து வந்ததைப் பார்த்து அரண்டுபோன அப்பா, தண்ணி வந்தால் கெடா வெட்டுகிறேன் என்று சாமியை வேண்டிக்கொண்டார். தண்ணீரும் வந்து தொலைத்தது. "சாமிக்கு உட்ட கெடா கண்ணு, ரொம்ப ஒட்டிக்காத" என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். யார் கேட்டது?

எங்கள் பக்கத்தில் கெடாவை இழுத்துவந்த கையோடு வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறவேண்டும். அதற்குத் 'துலுக்கறது' என்று பெயர். துலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், துலுக்காமல் அரிவாளை ஓங்கவே கூடாது. சாதாரண ஆடு ஒரு சொம்புத் தண்ணீருக்கே துலுக்கிவிடும்.

மாப்பிள்ளையை வெட்டக் கொண்டுபோன அன்று கோயிலில் நான் அழுது அழுது மூக்கு வீங்கி நின்றேன். பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது. இரண்டாவது சொம்புக்கு, கழுத்தடியில் சோப்புப் போட வசதியாகத் தலையை நிமிர்த்திக் கொடுத்தது. அட கடவுளே! எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"ஏனுங்க பூசாரி, தண்ணி மேல உழுகுதுங்களா இல்லீங்களா?" என்றார் பெரியப்பா. அவர் காலையிலிருந்து வெறும் வயிறு. சொம்பைத் தானே பிடுங்கி ஊற்றினார், காதில் ஊதினார், கடைசியில் சாமியைப் பார்த்துக் கும்பிட்டு, "என்ன குத்தமிருந்தாலும் மன்னிச்சுப்போடு சாமி, மசாலா அரைச்சாச்சு" என்று கெஞ்சினார். கறிக்குழம்பு வாங்கிப்போகக் கையில் தூக்குப்போசியோடு வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ பறந்துவந்து மாப்பிள்ளையின் காதில் உட்கார்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது நான் கருப்பராயனை வேண்டவில்லை, அந்த ஈயைத்தான் வேண்டினேன். அது பறந்துபோனது. மஞ்சள் தண்ணீர்க் குடமும் காலியானது.

"சாமிக்கு இஷ்டமில்லீங்க, கொண்டுபோயிருங்க" என்று பூசாரி கையை விரித்துவிட்டார். அம்மா அவசரமாக உருளைக்கிழங்கை நறுக்கிக் குழம்பில் போட்டார். பெரியப்பா பந்தியில் ஒவ்வொரு கிழங்காகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் நானும் மாப்பிள்ளையை ஓட்டிக்கொண்டு கிளம்பினோம். கோயிலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்போம். அது சட்டென்று நின்று, காதிலிருந்து வால் வரைக்கும் படபடவென்று ஒரு துலுக்குத் துலுக்கியது பாருங்கள்! மாலையில் இருந்த பூவெல்லாம் உதிர்ந்தது, அப்பா முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர். எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு குரல் கொடுத்தால் பூசாரி ஓடிவந்துவிடுவார். அப்பாவோ சாமியிடம் சொன்ன சொல்லை மீறாதவர். அவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"என்ன வெய்யில் கண்ணு, இப்பிடி வேர்த்துக் கொட்டுது. நட, போலாம்" என்றார்.

மாப்பிள்ளை பல்லெல்லாம் விழுந்து கிழமாகித்தான் செத்தது. இன்று எங்கள் தோட்டத்தில் ஆடும் இல்லை, ஆட்டைக் குளிப்பாட்டுகிற கிறுக்குப் பெண்ணும் இல்லை. கோயிலுக்குக் கெடா, விருந்தன்று காலையில்தான் டெம்போவில் வந்து இறங்குகிறது. பேர் வைக்க யாருக்கும் நேரமில்லை. முதல் சொம்புக்கே துலுக்கிவிடும், மத்தியானத்துக்குள் பந்தியும் முடிந்துவிடும். அப்பா வருடம் தவறாமல் வந்து முதல் பந்தியிலேயே உட்காருகிறார். வாளியோடு வருகிறவர் கரண்டியை ஆழமாக விட்டு அள்ளும்போது மட்டும், இலைக்கு மேல் கையை விரித்துத் தடுக்கிறார்.

"கறி வேண்டாமுங்க. கொழம்பு மட்டும் ஊத்துங்க."