ஆயுத பூஜையும் அணைக்க முடியாத லேப்டாப்பும்

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருந்தேன். படிப்பு பத்தாவதுதான், மற்றதெல்லாம் திருவேற்காட்டு அம்மன் கொடுத்தது.

இரும்புப் பாகங்களை உலையில் பதப்படுத்தும் ஒரு சின்னப் பட்டறைக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. உலையின் சூடு கடைசிவரை சரியாக இருந்ததென்று கம்ப்யூட்டர் பதிவு காட்டினால்தான் சரக்கை எடுப்பார்கள். உலைப் பக்கம் பிளக் பாயின்ட் கிடையாது. லேப்டாப் பேட்டரியோ பாதி வேலையில் படுத்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் சுற்றுவதுதான் பேட்டரியைத் தின்னும். அதனால் மெமரியில் ஒரு பகுதியை டிஸ்க் மாதிரி ஒதுக்கினேன். ராம் டிரைவ் என்போம். சூட்டைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேரை அதில் ஏற்றி அங்கிருந்தே ஓட்டினேன். பதிவும் அதிலேயே விழுந்தது. ஹார்ட் டிஸ்க் தூங்கியது, பேட்டரி தாங்கியது. ஒரே ஆபத்து, சுவிட்சை அணைத்தால் மெமரியில் இருப்பது அத்தனையும் போய்விடும்.

அன்று ஆயுத பூஜை. சரக்கு வெளியே வந்ததும் கை கழுவிவிட்டு வருகிறேன், உலை மேஸ்திரி தனபால் மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறார். அடுத்து லேப்டாப். சுவிட்சில் விரல்.

“அண்ணாத்தே, கைய எடு!”

“இன்னா நைனா கத்துற? ஓடுற மெஷினுக்குப் பொட்டு வெக்கலாமா?”

“அத்த அமுக்குனா காலைலேர்ந்து எடுத்த சூட்டுக் கணக்கு பூடும்.”

“அதான் உள்ள கீதே!”

“பேட்டரி உயிரோட கீற வரிக்கும்தான் கீது.”

முதலாளி கற்பூரத் தட்டோடு வந்தார். “நல்ல நேரம் போவுதுப்பா, இன்னா தகராறு?”

சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. மறுபடி உலை மூட்டிக் காட்டச் சரக்கும் இல்லை. “நீ காப்பி பண்ணு. ஆத்தா கோச்சுக்க மாட்டா” என்றார்.

பேட்டரி விளக்கு சிவப்பில் மினுக்கியது. ஃப்ளாப்பியைச் செருகி, அம்மனை நினைத்துக் காப்பி கட்டளை கொடுத்தேன். டிரைவ் கர்ர் கர்ர் என்றது.

“இன்னா மாமே, உன் மெஷினுக்குச் சளி புடிச்சிகீது?” என்றார் தனபால்.

முடிந்ததும் ஃப்ளாப்பியிலிருந்தே பதிவைத் திறந்து, கடைசி வரி வரை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அப்புறம் நானே அணைத்தேன்.

தனபால் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்துவிட்டு ஃப்ளாப்பியைக் கேட்டார். “எல்லாம் இதுலதான கீது? இதுக்கும் வெச்சுடறேன்.”

“லேபிள் மேல மட்டும் வெய்யி.”

ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க வந்த அதிகாரி அந்தக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஃப்ளாப்பியை டிரைவில் போட்டார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெமரியில் தைரியமாக ஓட்டுங்கள். ஆனால் அந்த இடத்தில் சுவிட்சை அணைக்கிற கை யாருடையது என்று தெரிந்துகொண்டு, அவரிடம் முதலில் பேசிவிட்டு ஓட்டுங்கள்.